திபிரின் துறவிகளின் தவக்காலமும் நமது தவக்காலமும்



தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் பக்தி முயற்சிகளுக்குக் குறைவிருப்பதில்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிடுகிறோம். நோன்பு, ஒடுக்கம், ஒப்புரவு அருளடையாளம் என்று நாற்பது நாட்களும் விரைந்து ஓடிவிடுகின்றன.

ஆனால் இந்த நாட்களிலும் நம் கைப்பேசிக்கு வேறு செய்திகள் வராமல் இருப்பதில்லை. எங்கோ ஓர் ஆலயம் தாக்கப்பட்டது, எங்கோ கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற செய்திகள் அவை. அவற்றில் பல உண்மையானவை. 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் 21 கிறிஸ்தவத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை உலகம் காணொளியில் கண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில், இலங்கையில் ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் அதிகமானோர் மாண்டனர். 2025 ஜூன் 22, ஞாயிறு வழிபாட்டின்போது, தமஸ்கு நகரின் மார் எலியாஸ் ஆலயத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது.

இவற்றைக் கேட்டு நெஞ்சு கொதிப்பது இயல்பே. கொதிக்காவிட்டால் நாம் ஒரே உடலின் உறுப்புகள் என்பதற்குப் பொருளில்லை. ஆனால் அச்செய்திகளின் அடியில் யாரோ எழுதிச் சேர்த்த இரண்டு வரிகளும் வருகின்றன. அந்த மதத்தவர் எல்லாரும் இப்படித்தான், எச்சரிக்கையாக இருங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்கின்றன அந்த வரிகள். இறந்தவர்களின் இரத்தம் பக்கத்துத் தெருவில் வாழும், அந்தக் கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு எதிரான சாட்சியாக்கப்படுகிறது. பகைவரையும் அன்பு செய்யுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளையைக் (மத் 5:44) காலைத் திருப்பலியில் கேட்டுவிட்டு, மாலையில் அந்த வரிகளைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

பகைவரே இல்லாத இடத்தில் பகைவரை அன்பு செய்வது எளிது. ஆயுதம் ஏந்தியவர்கள் வாசல் வரை வந்து நின்ற ஒரு வீட்டில், தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் மறைநூலை வாசித்த சில துறவிகள் இருந்தார்கள். அவர்கள் அதை எப்படி வாசித்தார்கள் என்று பார்ப்பது இன்று நமக்கு மிகவும் தேவையாக இருக்கிறது.

மலையடியில் ஒரு மடம்

வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியா நாட்டில், மெதேயா நகருக்கு அருகில், அட்லஸ் மலைப்பகுதியில் உள்ள ஊர் திபிரின். 1938-இல் டிராப்பிஸ்ட் துறவியர் அங்கே அட்லஸ் அன்னை மடத்தை நிறுவினர். சுற்றிலும் வாழ்ந்தவர்கள் இஸ்லாமியச் சகோதரர்கள். துறவிகள் அவர்களை மதம் மாற்ற முயலவில்லை. செபித்தார்கள், தோட்டத்தில் அவர்களோடு சேர்ந்து பயிரிட்டார்கள். மருத்துவரான அருட்சகோதரர் லூக் 1946-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வாழ்ந்து, நாடி வந்த நோயாளிகள் எல்லாருக்கும் மருத்துவம் செய்தார். ஊர் மக்களுக்குத் தொழுகை நடத்த இடமில்லாதபோது, மடத்தின் இடத்திலேயே ஓர் அறையைத் துறவிகள் அவர்களுக்குக் கொடுத்தனர். ஆலய மணியும் தொழுகை அழைப்பும் அருகருகே ஒலித்தன.

1992 ஜனவரியில் அந்நாட்டுப் பொதுத்தேர்தல் பாதியில் இரத்து செய்யப்பட்டது. இராணுவத்துக்கும் இஸ்லாமியத் தீவிரவாதக் குழுக்களுக்கும் இடையே போர் மூண்டது. அந்தப் பத்தாண்டில் மாண்டவர்கள் ஒன்றரை இலட்சம் பேருக்குக் குறையாது என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இஸ்லாமியர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1993 டிசம்பருக்குள் வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று ஆயுதக் குழு கெடு விதித்தது. டிசம்பர் 14 அன்று, மடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குரோவேசியத் தொழிலாளர் 12 பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்து, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், ஆயுதம் தாங்கியோர் மடத்துக்கே வந்தனர். மருத்துவரையும் மருந்தையும் பணத்தையும் கேட்டனர்.

மடத்துத் தலைவர் அருட்தந்தை கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே வெளியே வந்து அவர்களோடு பேசினார். அமைதியின் அரசர் பிறந்த விழாவை நாங்கள் கொண்டாடப் போகிறோம், இந்த வீட்டுக்குள் ஆயுதத்தோடு யாரும் வருவதில்லை என்று சொன்னார். குழுவின் தலைவர் வருத்தம் தெரிவித்துவிட்டுத் திரும்பிப் போனார். அரசு காவலர்களை நிறுத்த முன்வந்தபோது துறவிகள் அதை ஏற்கவில்லை. கூடிச் செபித்து, ஒருவர் மற்றவரைக் கேட்டு, தங்கிவிடுவது என்று முடிவு செய்தனர். பக்கத்து வீட்டு ஏழைகளுக்குத் தப்பிப் போக வேறு நாடு ஏது? அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஆயுதம் களைதல் யாரிடம் தொடங்கும்?

துறவிகளின் தவக்காலத்துக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் தரப்பட வேண்டும், அதை அவர் முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும் என்று ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் விதித்தார். தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும், பிடிக்காததைத் தள்ளிவிடவும் அங்கே இடமில்லை. நாள்தோறும் குழுவாகச் சொல்லும் திருப்பாடல்களிலும் அப்படித்தான். பகைவர் பற்றிய புலம்பல் வரும். பழிவாங்கும்படி கடவுளை அழைக்கும் குரலும் வரும். திபிரினில் அச்சொற்களைச் சொல்லும்போது யாரை மனத்தில் நினைத்துக்கொள்வது? மலையில் ஒளிந்திருந்த ஆயுதக் குழுவினரையா? அவர்களை வேட்டையாடிய இராணுவத்தினரையா?

துறவிகள் முதல் கூட்டத்தாரை மலையிலுள்ள சகோதரர்கள் என்றும், இரண்டாம் கூட்டத்தாரைச் சமவெளியிலுள்ள சகோதரர்கள் என்றும் அழைத்தனர். இது வெறும் பெயர் மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரைப் பயங்கரவாதி என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அவருக்காகச் செபிக்க முடிவதில்லை. சகோதரன் என்று அழைத்தால், அவன் செய்வது தீமை என்பது மாறாவிட்டாலும், காயீனிடம் கடவுள் கேட்ட கேள்வி (தொநூ 4:9) நம்மிடமும் கேட்கப்படுகிறது.

1996 மார்ச் 8 அன்று அருட்தந்தை கிறிஸ்தியான் அல்ஜியர்ஸ் நகரில் பொதுநிலையினர்க்கு ஒரு தவக்கால ஒடுக்கம் நடத்தினார். அதில் அந்தப் பழைய இரவை நினைவுகூர்ந்தார். வந்து போன அந்தக் குழுத் தலைவருக்காக எப்படிச் செபிப்பது? அவனைக் கொன்றுவிடும் என்று கடவுளிடம் கேட்க முடியாது. அவனிடமிருந்து ஆயுதத்தை எடுத்துவிடும் என்று கேட்கலாம். ஆனால் முதலில் என்னிடமுள்ள ஆயுதத்தை எடுத்துவிடும், எங்கள் குழுவிடமுள்ள ஆயுதத்தை எடுத்துவிடும் என்று கேட்காமல், அவனைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு உரிமை உண்டா? இதுவே அவரது சிந்தனை. பொறுமை, எளிமை, உடனிருப்பு, செபம், மன்னிப்பு என்ற ஐந்தையும் அமைதியைத் தாங்கும் தூண்களாக அவர் அன்று எடுத்துச் சொன்னார்.

ஒரு துறவியிடம் என்ன ஆயுதம் இருக்க முடியும் என்று நாம் கேட்கலாம். கோபம், ஏளனம், நாங்களே நல்லவர்கள் என்ற மிதப்பு, பிறரைப் பற்றிய பொதுத்தீர்ப்பு ஆகியவை துறவு உடைக்குள்ளும் இருக்கும். பங்குத்தந்தையின் அங்கிக்குள்ளும் இருக்கும். அன்பியக் கூட்டத்திலும் இருக்கும். தவக்கால முதல் ஞாயிறன்று நாம் கேட்கும் பாலைநிலச் சோதனைப் பகுதியை (மத் 4:1-11) இந்தக் கண்ணோடு வாசித்துப் பார்ப்போம். சோதிப்பவன் மறைநூலையே மேற்கோள் காட்டுகிறான். இறைவார்த்தையையும் ஆயுதமாகப் பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

யூதாசின் பாதங்கள்

1994-ஆம் ஆண்டுப் பாஸ்கா முப்பெரும் நாட்களில் அருட்தந்தை கிறிஸ்தியான் தம் சகோதரர்களுக்கு ஆற்றிய மறையுரைகள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. வாசலில் ஆயுதக் குழு நின்று மூன்று மாதமே கடந்திருந்த நேரம் அது. பெரிய வியாழனுக்கு அன்பின் மறைசாட்சியம், பெரிய வெள்ளிக்கு மாசின்மையின் மறைசாட்சியம், பாஸ்கா திருவிழிப்புக்கு எதிர்நோக்கின் மறைசாட்சியம் என்று மூன்று நாளையும் ஒரே சரடில் கோத்தார்.

பெரிய வியாழன் நற்செய்தியில் (யோவா 13:1-15) ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவுகிறார். அந்தப் பந்தியில் யூதாசும் இருந்தான். அவன் எழுந்து வெளியே போனது பிறகுதான். ஆகவே காட்டிக்கொடுக்க முடிவு செய்துவிட்ட பாதங்களும் அந்த இரவில் கழுவப்பட்டன. இறுதிவரை அன்பு செய்தல் என்பதன் அளவு அதுவே.

ஆனால் அருட்தந்தை கிறிஸ்தியான் வீர மரணத்தைப் பற்றி அந்த மறையுரையை ஆற்றவில்லை. நாள்தோறும் செய்ய வேண்டிய சிறிய பணிகளைப் பற்றியே பேசினார். நம் இதயத்தைக் கடவுளுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டோம், ஆனால் அவர் அதைச் சில்லறையாகக் கேட்டு வாங்கும்போதுதான் நமக்கு வலிக்கிறது என்ற பொருளில் அவர் சொன்னது நம் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். மறைசாட்சியாக மடியவும் ஆயத்தம் என்று பாடிவிட்டு, பேசாமல் இருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசப் பாஸ்காவுக்கு முன் நமக்கு மனம் வருவதில்லை.

இந்த அன்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். இளமையில் பிரெஞ்சு இராணுவ அதிகாரியாக அல்ஜீரியாவில் பணியாற்றியபோது, முகமது என்ற இஸ்லாமிய நண்பர் தாக்குதல் ஒன்றில் அவரைக் காப்பாற்றினார். பத்துப் பிள்ளைகளின் தந்தையான அவர் மறுநாள் தம் வீட்டுக் கிணற்றருகே கொல்லப்பட்டுக் கிடந்தார். நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்ற ஆண்டவரின் சொல்லுக்கு (யோவா 15:13) முதல் விளக்கத்தை அருட்தந்தை கிறிஸ்தியான் ஓர் இஸ்லாமியரின் வாழ்விலிருந்து கற்றார். அந்த மக்களிடையே துறவியாக வாழ அவர் திரும்பி வந்ததற்கு அந்த இரத்தமும் ஒரு காரணம்.

மறைசாட்சி என்ற சொல்

வெளிநாட்டவர்க்கு விதித்த கெடு முடிந்த 1993 டிசம்பர் முதல் நாளன்று அருட்தந்தை கிறிஸ்தியான் தம் ஆன்மீகச் சான்றுமடலை எழுதத் தொடங்கி, 1994 ஜனவரி முதல் நாளன்று முடித்தார். தாம் கொல்லப்பட்டால் தம் உயிர் பறிக்கப்பட்டதென்று நினைக்க வேண்டாம். அது கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் முன்பே கொடுக்கப்பட்டது என்று அதில் வேண்டுகிறார். பெயர் தெரியாமல், யாரும் கண்டுகொள்ளாமல் கொல்லப்படும் எத்தனையோ பேரின் சாவோடு தம் சாவையும் சேர்த்து எண்ணும்படி கேட்கிறார். உலகில் மேலோங்கி நிற்கும் தீமையில் தமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறார்.

நாம் நின்று நிதானித்து வாசிக்க வேண்டிய இன்னொரு கருத்தும் அதில் உள்ளது. அப்படிப்பட்ட சாவை அவர் விரும்பவில்லை. ஏனென்றால் அவர் மறைசாட்சியாக வேண்டுமானால், ஓர் அல்ஜீரியர் கொலைகாரராக வேண்டும். அதன்பின் தாம் அன்பு செய்யும் மக்கள் அனைவர் மீதும் அந்தப் பழி விழும். ஒருவர் மகுடம் பெற மற்றொருவர் பாவத்தில் விழ வேண்டும் என்றால் அந்த விலை மிக அதிகம் என்று அவர் கருதினார்.

நம்மில் எத்தனை பேர் மறைசாட்சிகளைப் பற்றி இப்படிச் சிந்தித்திருக்கிறோம்? திருச்சபை மறைசாட்சிகளைப் போற்றுவது சரியே; அவர்களின் இரத்தம் விலைமதிப்பற்றது. ஆனால் அந்த இரத்தத்தை மற்றொரு மக்களுக்கு எதிரான குற்றப்பத்திரிகை எழுதும் மையாக்கினால், மறைசாட்சி எதற்காக இறந்தாரோ அதையே நாம் அழித்துவிடுகிறோம். முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவான் தம்மைக் கல்லெறிந்தவர்களுக்காகச் செபித்தே உயிர்விட்டார் (திப 7:60). அருகில் நின்று அந்தக் கொலைக்கு உடன்பட்ட சவுல் பிறகு பவுலானார். கல்லெறிந்த கூட்டத்தார் எல்லாரும் இப்படித்தான் என்று அன்றைய திருச்சபை முடிவு கட்டியிருந்தால் நமக்குத் திருத்தூதர் பவுல் ஏது?

தவக்காலம் முதல் பெந்தக்கோஸ்து வரை

1996-இல் கிறிஸ்து பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா முடிந்த மறுநாள், மார்ச் 26-க்கும் 27-க்கும் இடைப்பட்ட இரவில், ஆயுதந்தாங்கிய கூட்டம் மடத்தில் நுழைந்தது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரம் அது. கிறிஸ்தியான், லூக், கிறிஸ்தோஃப், செலஸ்தின், மிஷேல், புருனோ, போல் ஆகிய ஏழு பேரைக் கூட்டிச் சென்றனர். அமதே, ஷான் பியேர் என்ற இருவர் அவர்களின் கண்ணில் படாமல் தப்பினர். அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 7. சிறைப்பட்டிருந்த துறவிகள் புனித வாரத்தை எப்படிக் கழித்தார்கள் என்று யாரும் வந்து சொல்லவில்லை. மே 21 அன்று அவர்களைக் கொன்றுவிட்டதாக ஆயுதக் குழுவின் அறிக்கை மே 23-இல் வெளியானது. மே 26, தூய ஆவியார் பெருவிழாவன்று, அருட்தந்தை கிறிஸ்தியானின் சான்றுமடலை அவருடைய குடும்பத்தார் திறந்து வாசித்தனர். மே 30-இல் ஏழு பேரின் தலைகள் மட்டும் கண்டெடுக்கப்பட்டன. ஜூன் 2, மூவொரு இறைவன் பெருவிழாவன்று, அல்ஜியர்ஸ் ஆப்பிரிக்க அன்னைப் பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடந்தது. பின்னர் திபிரின் மண்ணிலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர்.

மன்னிப்பு என்றால் உண்மையைப் புதைத்துவிடுவது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சவப்பெட்டிகளில் தலைகள் மட்டுமே உள்ளன என்பதை வெளிக்கொணர்ந்தவர் டிராப்பிஸ்ட் சபையின் துறவியான அருட்தந்தை அர்மான் வெய்யே. அவரும் கொல்லப்பட்ட சகோதரர் ஒருவரின் குடும்பத்தாரும் 2003 டிசம்பரில் பிரான்சு நாட்டு நீதிமன்றத்தில் முறையிட்டனர். கொன்றவர்கள் யார், எப்படி நடந்தது என்ற கேள்விகளுக்கு எல்லாரும் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. மன்னிப்பவர் உண்மையைக் கேட்கலாம், நீதியைக் கேட்கலாம். குற்றம் செய்த ஆளைத் தேடுவது நீதி. குற்றம் செய்யாத ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றுவது பழி. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் பலமுறை மறந்துவிடுகிறோம்.

2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் இந்த எழுவரும், அந்த ஆண்டுகளில் அதே நாட்டில் கொல்லப்பட்ட மற்ற 12 பேரும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஓரான் ஆயர் பியேர் கிளவரி. 1996 ஆகஸ்ட் முதல் நாளன்று அவரோடு அவருடைய வாகன ஓட்டுநரான முகமது புஷிகி என்ற இஸ்லாமிய இளைஞரும் கொல்லப்பட்டார். ஆயரின் இரத்தமும் அவருடைய நண்பரின் இரத்தமும் ஒன்றாகவே கலந்தன. அந்த விழாவில், வன்முறையை நியாயப்படுத்த மறுத்ததற்காக உயிரிழந்த இமாம்களும் நினைவுகூரப்பட்டனர். தம் சாவைத் தனியே எண்ண வேண்டாம் என்று கேட்டிருந்த துறவியின் விருப்பம் அன்று நிறைவேறியது.

தப்பிய இருவரில் ஒருவரான அருட்சகோதரர் ஷான் பியேர் மொரோக்கோ நாட்டின் மிதெல்த் மடத்தில் அதே இஸ்லாமிய மக்களிடையே தொடர்ந்து வாழ்ந்தார். 2021 நவம்பரில் தம் 97-ஆம் வயதில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். எல்லாவற்றையும் இழந்த பிறகும் அதே மக்களோடு இருபத்தைந்து ஆண்டு அமைதியாக வாழ்ந்த அந்த வாழ்வும் உயிர்ப்பின் சாட்சியே. உயிர்த்த ஆண்டவர், கதவைப் பூட்டிக்கொண்டு அஞ்சியிருந்த சீடர்களின் நடுவே வந்து (யோவா 20:19-23) முதலில் அமைதியைத்தான் வாழ்த்தாகத் தந்தார். பிறகு தம் காயங்களைக் காட்டினார். தம்மை அறைந்தவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. பழிவாங்க ஆளனுப்பவும் இல்லை. பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார். உயிர்ப்பு உண்மையானால் சாவை வைத்து நம்மை யாரும் அச்சுறுத்த முடியாது. அஞ்சாதவருக்கு வெறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நமக்கு

நம் பங்கு திபிரின் அல்ல. நம்மில் பெரும்பாலோர் வாசலில் துப்பாக்கியோடு யாரும் நிற்கவில்லை. அதனாலேயே நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. அவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்ததை நாம் ஒரு விரல் அசைவில் இழந்துவிடலாகாது.

ஆகவே ஒரு செய்தி நம் கைக்கு வரும்போது சற்று நிற்போம். அது உண்மையா என்று பார்ப்போம். உண்மையானால் இறந்தவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் செபிப்போம். கொன்றவர்களின் மனமாற்றத்துக்காகவும் செபிப்போம். அந்தச் செய்தியோடு ஒட்டிவரும் வெறுப்பு வரிகளை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். அதே வன்முறையில் மாண்ட பிற சமயத்தவரின் எண்ணிக்கையையும் கேட்டறிவோம். நம் தெருவில் வேறு சமயத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்தின் பெயர்கூடத் தெரியாமல் இத்தனை ஆண்டு இருந்திருந்தால், இந்தப் பாஸ்காவுக்கு முன் அதைத் தெரிந்துகொள்வோம். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் பாதங்கள் கழுவப்படுவதைப் பார்க்கும்போது, அந்தப் பன்னிரண்டில் நம்மால் கழுவ முடியாத பாதம் யாருடையது என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அன்பின் ஆண்டவரே, எங்களுக்குத் தீங்கு நினைப்பவர்களின் கையிலுள்ள ஆயுதத்தை எடுத்துவிடும் என்று மன்றாடுமுன், எங்கள் நாவிலும் நெஞ்சிலும் விரல்நுனியிலும் நாங்கள் மறைத்து வைத்திருக்கும் ஆயுதங்களை எடுத்துவிடும். உமது உயிர்ப்பின் அமைதியை எங்கள் வீடுகளுக்கும், எங்கள் அயலாரின் வீடுகளுக்கும் தாரும். ஆமென்.